போர்வைக்கு ஆள் தேடிய நாள்

என் மகன் கடலிலிருந்து உயிரோடு வந்தால் பள்ளிவாசலுக்குப் பச்சைப் போர்வை போர்த்திச் சர்க்கரை வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டவள் நான். நேர்ந்துகொண்ட இடம் கப்பல். அந்தமானில் எங்கள் ஊர் ஹட் பே. அங்கிருந்து போர்ட் பிளேருக்குப் போகிற கப்பல். போர்ட் பிளேருக்கு இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். பலகையில் அதுதான் இருக்கிறதாம். என் வாயில் இருப்பது பழையதுதான்.

மகன் டுங்கியில் போய் மீன் பிடிக்கிறவன். எஞ்சின் வைத்த சின்னப் படகை இங்கே டுங்கி என்போம். எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வேலை நின்ற பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். இவன் கடலுக்குப் போனான். நான் இலங்கையில் தேயிலை மலையில் பிறந்தவள். பத்து வயதுக்கு மேல்தான் கடலையே பார்த்தேன். அந்தக் கடலிலேயே ஏற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள், அது வேறு கதை. என் வயிற்றில் பிறந்தவன் கடலை நம்பிப் பிழைப்பான் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அவனும் ஒரு தெலுங்குக்காரனும் கூட்டாளிகள். ஒரு நாள் போனவர்கள் திரும்பவில்லை. எஞ்சின் நின்றுபோய் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. தேடப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். பிறகு ஒரு பகலில் செய்தி வந்தது: ஏதோ ஒரு கப்பல் அந்த டுங்கியைக் கண்டிருக்கிறது, ஆட்களைப் போர்ட் பிளேருக்குக் கொண்டு போகிறது. உயிரோடா என்று கேட்டேன். சொல்ல வந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அது தெரியல, நீங்க போய்ப் பாருங்கம்மா" என்றார்.

நானும் மருமகளும் கிளம்பினோம். அவள் கீழ்த்தளத்தில் பங்க் படுக்கையில் சுருண்டு கிடந்தாள். நான் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாரியம்மனைக் கூப்பிட்டேன். முருகனைக் கூப்பிட்டேன். பெயர் தெரிந்த சாமி எல்லாம் முடிந்துவிட்டது. விடிகிற நேரத்தில் கரை விளக்கு தெரிந்தது. தண்ணீர் மேலே பாங்குச் சத்தம் வந்தது. என் உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் நின்ற ஆளிடம் அது எந்தப் பள்ளி என்றேன். "அபர்டீன் பஜார் பக்கத்துல ஒரு பழைய பள்ளி இருக்கும்மா, கைதிங்க காலத்துது. அதுவாத்தான் இருக்கும்" என்றார். அந்தத் திக்கைப் பார்த்துக் கையெடுத்தேன். அவுலியாவே, என் பிள்ளையைக் கொடு, உனக்குப் பச்சை போர்த்துகிறேன் என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் மகன் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருக்கிறான். உதடெல்லாம் வெடித்திருந்தது. என்னைப் பார்த்து, "அம்மா, சீனி இல்லாம பால் குடுக்குறாங்க" என்றான்.

அவுலியா என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே மலையுச்சியில் ஒரு அவுலியா அடங்கியிருந்தார். யாரென்று எங்களுக்குத் தெரியாது. அரபு நாட்டிலிருந்து நடந்து வந்தவர் என்பார்கள். நடந்து எப்படி வந்தார் என்று யாரும் கேட்டதில்லை. லயத்து வீடுகளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கீழே மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு, மேலே அவுலியாவுக்கு ஒரு கும்பிடு. குணமானால் பச்சைத் துணியும் சர்க்கரையும் ஊதுபத்தியும் கொண்டுபோய்ச் சமாதிக்குப் போர்த்திவிட்டு வருவோம். எந்த ஆளுக்காக நேர்கிறோமோ அந்த ஆள் நீளத்துக்குத் துணி இருக்க வேண்டும். போர்த்தியதைத் திரும்ப எடுக்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். பள்ளி என்று ஒன்று இருந்தால் உள்ளே ஒரு அவுலியா இருப்பார் என்றுதான் நான் இத்தனை வயது வரைக்கும் நினைத்திருந்தேன்.

மகன் வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன், நேர்த்தி முடியாமல் கடலில் கால் வைக்காதே என்று. நேர்ந்ததை வைத்துக்கொண்டு மறுபடியும் கடலில் இறங்கினால் கொடுத்தவரே திரும்பக் கேட்பார். மகன் முணுமுணுத்தான், ஆனால் இறங்கவில்லை. கூட்டாளி தெலுங்குக்காரன் கோவிலில் இரண்டு தேங்காயை உடைத்துவிட்டு அடுத்த வாரமே வேறொருவனோடு போக ஆரம்பித்துவிட்டான். போகிற வழியில் எங்கள் வாசலில் நின்று, "க்யா பாய், உன் துணி இன்னும் தைச்சு முடியலியா?" என்று கேட்டுவிட்டுப் போவான். மகனுக்கு முகம் சுண்டிப்போகும். புது எஞ்சின் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

துணியை நானே கையால் தைத்தேன். மிஷினில் கொடுக்கவில்லை. அளவெடுக்க மகனைத் தரையில் படுக்கச் சொன்னேன். கையை நீட்டி மல்லாந்து படுத்தான். தலையிலிருந்து கால் வரை துணியை விரித்துப் பார்த்தேன்.

"எம்மா, பொட்டிக்கு அளவெடுக்குற மாதிரி இருக்கு."

"வாயக் கழுவுடா" என்று காலில் ஒன்று வைத்தேன். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவன் சொன்னது மட்டும் என் காதிலேயே தங்கிவிட்டது. ஓரத்துக்கு ஜரிகை வைத்துத் தைக்கும்போதெல்லாம் கேட்டது.

டிக்கெட் கிடைத்ததும் கிளம்பினேன். தனியாகத்தான். போர்ட் பிளேர் ஜெட்டியில் சம்பந்தியம்மா வந்து நின்றார். மருமகளின் தாயார். அவர்கள் வீடு அபர்டீன் பஜாருக்கு மேலே ஏற்றத்தில் இருக்கிறது. அவருடைய கொள்ளுத்தாத்தா கைதியாக இங்கே வந்தவர். அதை அவர் சொல்லும்போது ஜமீன்தார் வீட்டுப் பேத்தி போலச் சொல்வார். "நாங்க லோக்கல். நீங்கள்லாம் அப்புறம் வந்தவங்க" என்பார். சங்கிலியோடு வந்ததில் அவருக்குப் பெருமை. கவர்மெண்டு காகிதத்தோடு வந்ததில் எனக்குப் பெருமை. கல்யாணத்திலிருந்து இதுதான் எங்களுக்குள் பேச்சு.

"சம்பந்தியம்மா, அரே, எதுக்கு இவ்வளவு பெரிய பை?"

"சர்க்கரை. போர்வை."

"நம்ம ஊர்ல சர்க்கரை கிடைக்காதா? ஹட் பேலேர்ந்தா தூக்கிட்டு வருவாங்க? சலோ, சாப்பிட்டுட்டுப் போலாம்."

நான் நேர்த்தி முடியாமல் சாப்பிடுவதில்லை என்றேன். அவர் எனக்காக இட்லி ஊற்றி வைத்திருந்தாராம். வழி முழுவதும் அந்த இட்லியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் எனக்குத் திரும்புகிற கப்பல். அதை விட்டால் அடுத்த டிக்கெட் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அன்றைக்கே முடித்தாக வேண்டும் என்பது மட்டும் என் மனதில் இருந்தது.

பஜாரின் நெரிசலைத் தாண்டிப் பள்ளிக்கு வந்தோம். வாசலில் பலகை இருந்தது. எனக்குத் தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அந்தப் பலகையில் மூன்று மொழி இருந்தது, தமிழ் இல்லை. பழைய பள்ளி என்றார்களே என்று நான் கருங்கல்லையும் கோபுரத்தையும் நினைத்து வந்திருந்தேன். முன்பக்கம் வெள்ளையடித்த சிமெண்டுக் கட்டடம். உள்ளே போகப் போகத்தான் பழசு தெரிந்தது. கறுத்துப்போன மரத்தூண்கள், கைபட்டுக் கைபட்டு வழவழத்தவை. படாக் மரம் என்றார் சம்பந்தியம்மா. அவருடைய கொள்ளுத்தாத்தா மாதிரி வந்த ஆட்கள் வெட்டிய மரமாக இருக்கும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

ஒரு தொட்டியில் தண்ணீர் இருந்தது. மீன்கூட ஓடியது. நான் கால் கழுவி, தலையிலும் மூன்று தரம் தெளித்துக்கொண்டு, முந்தானையை முக்காடாகப் போட்டேன். தொழுகை நேரம் இல்லை போலிருக்கிறது, ஆள் நடமாட்டம் இல்லை. பெரிய மண்டபத்தின் கதவு திறந்து கிடந்தது. பெண்கள் உள்ளே போகலாமா என்று தெரியவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன்.

உள்ளே ஒன்றுமே இல்லை.

விரிப்பு இருந்தது. மின்விசிறிகள் இருந்தன. சுவரில் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டியது. நேர் எதிரே சுவரில் மாடம் மாதிரி ஒரு குழிவு. அதற்குள் யாராவது இருப்பார்கள் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அதற்குள்ளும் ஒன்றும் இல்லை. சமாதி இல்லை, விளக்கு இல்லை, துணி இல்லை. எங்கே பார்த்துக் கும்பிடுவது என்று எனக்குப் புரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கும்பிட முடியுமா?

"சம்பந்தியம்மா, அவுலியா எங்க அடங்கியிருக்காரு?"

"எனக்கென்ன தெரியும்? நான் எப்பவாவது உள்ள வந்திருக்கேனா? வாசல்லேர்ந்து பாத்திருக்கேன், அவ்வளவுதான்."

பிறந்ததிலிருந்து பக்கத்தில் குடியிருக்கிறவர் சொன்ன பதில் அது. யாரையாவது கேட்போம் என்றார். எனக்குக் கேட்க மனமில்லை. சாமி இருக்கும் இடம் தெரியாமல் நேர்த்தி கொண்டுவந்தவள் என்று யாராவது நினைப்பார்கள். பின்பக்கம் இருக்கும், பெரியவர்கள் பின்பக்கம்தான் அடங்கியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு நானே முன்னால் நடந்தேன்.

மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு போனால் ஓரமாக ஒரு கொட்டகை. கம்பிக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஆள் நீளத்துக்கு ஒரு மேடை, மரத்தில். அதன்மேல் பச்சைத் துணி. வெயில் பட்டு வெளுத்து, ஓரம் கிழிந்து கிடந்தது. பாவம், இத்தனை பேர் வந்து தொழுகிற இடத்தில் இவரை இப்படிக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் மலையுச்சியில் ஏழைக் கூலி ஜனங்கள், அங்கே கூட அவுலியாவுக்குத் துணி வெளுத்ததில்லை.

"பாத்தீங்களா" என்றேன் சம்பந்தியம்மாவிடம். அவரும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டார்.

சர்க்கரைப் பையைக் கால்மாட்டில் வைத்தேன். தலைமாடு எது, கால்மாடு எது என்று குழப்பம். அகலமான பக்கம் தலை என்று வைத்துக்கொண்டேன். மூன்று தரம் சுற்றி வந்தேன். போர்வையை எடுத்து உதறி, மகனுக்கு அளந்த மாதிரியே தலைப்பக்கத்திலிருந்து விரித்தேன். ஜரிகை வெயிலில் மின்னியது. கால்பக்கம் ஒரு சாண் பத்தவில்லை. என் மகனை விட உயரமான மனிதர் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு நெற்றி பட விழுந்து கும்பிட்டேன். என் பிள்ளையைக் கொடுத்தீரே, இனிமேலும் நீர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். சம்பந்தியம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"யாரும்மா அது?"

மோதினார் வந்து நின்றார். பாங்கு சொல்கிறவர். என் வயதுதான் இருக்கும். கையில் குழாய்க்கு மாட்டும் ரப்பர் வளையம் ஒன்று வைத்திருந்தார், பம்பு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தாராம். தமிழில்தான் கேட்டார். அவருடைய வாப்பா தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று பிறகு சொன்னார்.

நான் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அவுலியாவுக்கு நேர்த்தி கொண்டாந்தேன் பாய்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். ரப்பர் வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"அம்மா, அவுலியா யாரும் இங்க அடங்கல. இது சந்தூக்கு. மய்யத்தத் தூக்கிட்டுப் போற பெட்டி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. சம்பந்தியம்மாவுக்கு விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அழுகிறார் என்று நினைத்தேன். கொட்டகைத் திண்டில் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஹே பகவான், பாடைக்கு விழுந்து கும்பிட்டுட்டோம் சம்பந்தியம்மா. நான் கன்னத்துல வேற போட்டுக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகனைப் படுக்க வைத்து அளந்த துணி பிணப்பெட்டி மேல் கிடக்கிறது. பொட்டிக்கு அளவெடுக்கிற மாதிரி இருக்கு என்று அவன் சொன்னது திரும்பக் கேட்டது. எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். போர்த்தியதை எடுக்கக் கூடாதே என்று கை பாதியில் நின்றது.

மோதினார் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். தண்ணீர் கொடுத்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன், கப்பல், பாங்கு, டுங்கி எல்லாம். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் சொன்னது என்னை இன்னும் குழப்பியது.

"நாங்க இங்க கேக்குறது படைச்சவன்கிட்ட மட்டுந்தாம்மா. நடுவுல ஆள் கிடையாது. அவனுக்குப் போர்வையும் வேணாம், சீனியும் வேணாம்."

"அப்ப நான் நேர்ந்தது யாருக்குப் போச்சு?"

"கேட்டது கேக்குறவனுக்குப் போயிருக்கும்."

"நான் அவுலியான்னு சொல்லித்தான கூப்பிட்டேன்."

அவர் தாடியைத் தடவினார். "அதுவும் அவனுக்குத் தெரியாதா?" என்றார். அப்புறம், "நீங்க கப்பல்ல கேட்ட பாங்கு எங்க பள்ளிப் பாங்குதான்னு உறுதியாத் தெரியுமா? விடியக்கால சுபுஹு நேரத்துல ஊர்ல இருக்குற அத்தனை பள்ளிலயும் சொல்லுவாங்க. காத்து எப்படி அடிக்குதோ அப்படித்தான் கடலுக்குக் கேக்கும்" என்றார்.

கேட்காமல் இருந்திருக்கலாம். இப்போது அவுலியாவும் இல்லை, பள்ளியும் இதுதானா என்று தெரியவில்லை. ஊரில் இருக்கிற பள்ளிக்கெல்லாம் ஒவ்வொரு துணி தைத்துக்கொண்டு அலைய முடியுமா?

சம்பந்தியம்மா சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? ஆட்டோ பிடிச்சாக் கடற்கரைப் பக்கம் ஒரு மஜார் இருக்கு. அங்க நிஜமாவே பெரியவங்க அடங்கியிருக்காங்க. எல்லாரும் போய்ப் போத்துறாங்க. இத எடுத்துட்டுப் போயி அங்க போத்திடுங்க. டீக் ஹை?"

"அவரா என் பிள்ளையக் குடுத்தாரு?"

"யாரு குடுத்தா என்ன சம்பந்தியம்மா, வாங்குறதுக்கு ஒரு ஆள் இருக்காரில்ல?"

இதைக் கேட்டு மோதினார் லேசாகச் சிரித்தார். எனக்குக் கோபம். கொடுத்தவர் ஒருவர், கூலி வாங்குகிறவர் வேறொருவரா? தோட்டத்தில் கங்காணிகள் அப்படிச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் பிணப்பெட்டி மேல் கிடந்த துணியைக் கொண்டுபோய் ஒரு பெரியவருக்குப் போர்த்துவது எந்த ஊர் நியாயம்? அவர் கேட்டால் என்ன சொல்வேன்?

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மகன்.

"எம்மா, முடிஞ்சிருச்சா?"

"இல்ல. இரு."

"காத்து அடங்கிருக்கு. மீன் கரையோரமா வருதாம். நாளைக்கு விடியல்ல எறக்கலாமான்னு கூட்டாளி கேக்குறான். அவனுக்கு வேற ஆள் இருக்கு, நான் சொல்லலன்னா அவனக் கூட்டிக்கிட்டுப் போயிருவான். அப்புறம் நான் சும்மா சாக்கப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க வேண்டியதுதான்."

"இருன்னு சொல்றேன்ல."

"என்னம்மா, சாமி தூங்குறாரா?"

போனை வைத்துவிட்டேன். தொட்டியில் மீன் துள்ளுகிற சத்தம் கேட்டது. மதியத் தொழுகைக்கு ஒவ்வொருவராக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மோதினார் எழுந்து, "சீனிய நான் எடுத்துக்கிட்டுப் போறேன், தொழுதுட்டு வர்றவங்க கையில குடுப்போம். வாய்ல போட்டுக்கிட்டு உங்க மகனுக்கு துவா கேப்பாங்க. அதுக்கு யாரும் வேணாங்க மாட்டாங்க" என்றார். அது சரியென்று பட்டது. சர்க்கரை வாங்குவதற்கு வாய் இருக்கிறது. போர்வைக்குத்தான் ஆள் இல்லை.

"போர்வைய என்ன செய்ய பாய்?"

"எடுத்துக்கங்கம்மா. ஒண்ணும் தப்பில்ல. தெரியாமத்தான போட்டீங்க."

சொல்லிவிட்டு அவர் கை அந்தத் துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தது. தையலைப் பார்த்தார். கீழே கிடந்த பழைய துணியின் கிழிசலை உள்பக்கமாக மடித்துவிட்டார். அது எனக்குத் தெரியக் கூடாது என்பது போல மடித்தார்.

"இந்தப் பெட்டியில யாரக் கொண்டு போவாங்க?"

"யாரு மவுத்தானாலும் இதுலதான். பணக்காரன்னு தனிப் பெட்டி கிடையாது. ஆஸ்பத்திரியில அனாதையா செத்துப்போனா ஜமாத்துலேர்ந்து போயி இதுலதான் எடுத்துட்டு வருவோம். அந்தக் காலத்துல கைதிங்க எத்தன பேரு, ஊரு பேரு தெரியாம இங்கேர்ந்து போயிருக்காங்க. பெட்டி மாறியிருக்கும், வழக்கம் மாறல." பிறகு குரலை இறக்கி, "புதுத் துணி வாங்கணும்னு நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

சம்பந்தியம்மா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. பெட்டியின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாங்கு சொல்ல நேரமாகிவிட்டது என்று மோதினார் போனார். நான் கொட்டகையிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாங்கு வந்தது. கப்பலில் கேட்ட குரல்தானா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். அதுபோலவும் இருந்தது. அது இல்லை போலவும் இருந்தது. இது பக்கத்திலிருந்து வருகிறது, அது தண்ணீர் மேலே வந்தது. எப்படி ஒத்துப் பார்ப்பது?

உட்கார்ந்தபடி யோசித்தேன். நான் மெதுவாகத்தான் யோசிப்பேன், அவசரப்படுத்தினால் வராது. கப்பலில் நின்று நான் எதற்குப் பயந்தேன்? மகனை ஒரு பெட்டியில் வைத்துத்தான் காட்டுவார்களோ என்று பயந்தேன். பெட்டியில் வைக்கவும் உடம்பு கிடைக்காதோ என்று அதற்கு மேலும் பயந்தேன். நான் வேண்டியது அவனுக்குப் பெட்டி வேண்டாம் என்றுதானே. பெட்டி அன்றைக்கு அவனைத் தொடவில்லை. அப்படியென்றால் பெட்டிக்குத்தான் நேர்த்தியா? அப்படியும் சொல்ல முடியாது. பிறகு எங்கள் மலையுச்சி அவுலியாவை நினைத்தேன். அவரையும் யாரோ நாலு பேர் இந்த மாதிரி ஒன்றில்தானே அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிப் போயிருப்பார்கள். அவர் மேல் அன்றைக்கு யார் துணி கிடந்திருக்கும்? இதெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியது போலவும் இருந்தது, ஒட்டாதது போலவும் இருந்தது. ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. இந்தத் துணியை மடித்துப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக என்னால் முடியாது. மகன் இருக்கிற வீட்டுக்குள் இனி இது வரக் கூடாது. கடலில் வீசவும் கூடாது, கடலில்தான் அவன் வேலை.

தொழுகை முடிந்து ஆட்கள் சர்க்கரையை உள்ளங்கையில் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு கிழவர் இரண்டாம் தரமும் கை நீட்டினார். மோதினார் திரும்பி வந்தபோது, "பாய், போர்வை கிடக்கட்டும்" என்றேன்.

அவருக்கு ஆசைதான், ஆனால் தயங்கினார். "ஜமாத்துத் தலைவர்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்மா." போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். பிறகு போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "கேட்டா யோசிப்பாரு. கேக்காட்டி கவனிக்கவே மாட்டாரு" என்றார். பழைய துணியை இழுத்துக் கால்பக்கத்து ஒரு சாணை அதைக்கொண்டு மூடினார். "பழசு கீழ கெடக்கட்டும். புதுசுக்கு நீளம் பத்தல."

"எம் மகன் குட்டை" என்றேன்.

"அல்லா ஆயுசக் குடுக்கட்டும்" என்றார்.

வெளியே வந்து மகனைக் கூப்பிட்டேன். சம்பந்தியம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், என்ன சொல்லப் போகிறேன் என்று.

"முடிஞ்சிருச்சு. எறங்கு."

"போத்திட்டியா?"

"போத்திட்டேன்."

"யாரும்மா, பெரிய அவுலியாவா?"

"உன்ன விட ஒரு சாண் உசரம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சம்பந்தியம்மா ஏற்றத்தில் ஏறும்போது என் பையை வாங்கிக்கொண்டார். காலியான பை, சுமக்க ஒன்றுமில்லை, இருந்தாலும் வாங்கிக்கொண்டார். "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா அந்த இட்லி முழுசையும் நீங்க சாப்பிடணும். நீங்க பாடையச் சுத்திக்கிட்டு இருந்த நேரத்துல அது கல்லாயிருக்கும்." கல்லாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

மறுநாள் விடியலில் கப்பல் கிளம்பியது. மகனும் அந்த நேரத்துக்குத்தான் அங்கே டுங்கியை இறக்கியிருப்பான். நான் மேல்தளத்தில் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாங்கு வந்தது. ஒன்று வந்து, அது முடியுமுன்பே இன்னொன்று, அதற்குப் பின்னால் வேறொன்று. எது அவருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மோதினார் சொன்னது சரிதான். எல்லாத் திக்குக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

நான் வீடு சேர்ந்தபோது அவன் கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தான். சுரமை என்கிற வஞ்சிரம் ஒன்று, மற்றதெல்லாம் சில்லறை மீன். நான் அவன் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். "என்னம்மா?" என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

சம்பந்தியம்மா வாக்கைக் காப்பாற்றினார், ஒரு வாரம். ஒரு நாள் மருமகள் போனைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அத்தே, மய்யத்துப் பொட்டி மேலயா போத்துனீங்க? இவர அளந்த துணியவா?"

"ஆமா."

"ஏன் அத்தே?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவளுக்குச் சொல்ல ஒரு பதில் என்னிடம் இருந்திருக்க வேண்டும். கொட்டகையில் உட்கார்ந்தபோது ஏறக்குறைய இருந்தது. இப்போது தேடினால் பாதிதான் கிடைக்கிறது.

"எனக்கும் முழுசாத் தெரியாது" என்றேன். "உன் புருஷன் இன்னும் கரைக்கு வரலியா, போய்ப் பாரு."

அவள் போய் வேலியோரம் நின்று பார்த்தாள். நானும் அரிசியை வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்றேன். வெயிலில் கண் கூசியது. வெகு தூரத்தில் ஒரு டுங்கி வந்துகொண்டிருந்தது. அவனுடையதா என்று அங்கிருந்து தெரியவில்லை. கிட்டே வந்தபோது எஞ்சினை மூடிவைத்திருந்த அந்தச் சாக்கு படகில் கிடப்பது முதலில் தெரிந்தது, அப்புறம் அவன் கையை ஆட்டுவது தெரிந்தது.